கேள்வியில பதில் இருக்கக் கூடாது

– ...ச்சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்த மாதிரி கேஸ் வந்தா உங்க ஆபீஸ்ல என்ன நம்பர் போடுவாங்க?

– எந்த மாதிரிங்க? அரை மணி நேரமா அந்த மாதிரி, இந்த மாதிரின்னே சொல்றீங்க. இன்னிக்குள்ள நாப்பது நோயாளி ஃபைலைப் படிச்சு, வியாதிக்கு வியாதி கோட் நம்பர் போட்டு அனுப்பணும்.

– அதாம்மா... ஆம்பளைங்களுக்கு... முன்னாடி தோலு...

– முன்தோல். அதுக்கு என்ன?

– மெதுவா பேசேன். ஜன்னல் தொறந்திருக்கு.

– ஜன்னலுக்கு வெளிய தண்ணி டேங்க்தான் இருக்கு. அது வெக்கப்படாது. சொல்லுங்க.

– பின்னால தள்ள முடியலன்னா...

– இறுகிப் போச்சா? அதுக்குப் பேரு ஃபைமோசிஸ். நாப்பத்தேழு புள்ளி ஒண்ணு. யாருக்கு?

– நம்ம மீசைக்கு.

– நீங்க ஓட்டற பஸ்ல கண்டக்டரா வர்ற மீசைக்கா?

– ஆமா. தினமும் கூடவே வர்றவன், மனசு விட்டுச் சொன்னான். நீ யார்கிட்டயும்...

– நான் ஏன் சொல்றேன்? ஆனா வெறுமன தள்ள முடியலன்னு மட்டும் சொன்னா நம்பர் போட முடியாதுங்க. டாக்டர் குறிப்புல விவரம் பத்தலன்னா நாங்க கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவோம். பதிலை நாங்களே எடுத்துக் குடுக்கக் கூடாது, அவங்களா எழுதணும். அப்படித்தான் உங்களையும் கேக்கறேன். எத்தனை நாளா?

– அவனுக்கு... ஒரு எட்டு மாசம் இருக்கும்.

– எட்டு மாசம்.

– ஏன், என்ன?

– ஒண்ணும் இல்ல. எழுதிக்கறேன்.

– எதுக்கு எழுதற?

– கைப்பழக்கம். எப்படி ஆரம்பிச்சுது?

– மொதல்ல அரிப்பு. அப்புறம் கோடு கோடா வெடிப்பு. ஒண்ணுக்குப் போனா எரியுது. வெடிப்பு ஆறினா முன்னைவிட இன்னும் இறுகிடுது.

– வேற என்ன வியாதி இருக்கு?

– சுகர்.

– மீசைக்கா? போன வாரம் வந்தப்ப காபில நாலு ஸ்பூன் சக்கரை கேட்டு வாங்கிக் குடிச்சாரே.

– அவன்... அவனுக்கு வாயைக் கட்டத் தெரியாது.

– சரி, சுகர். அதுக்குத் தனி நம்பர். என்ன மருந்து போட்டார்?

– மருந்துக்கடையில ஏதோ களிம்பு. பூச்சிக்கடின்னு சொல்லி வாங்கினது.

– அங்கயா பூச்சி கடிச்சுது?

– கையிலன்னு சொல்லிதான்... நீ சிரிக்கிற.

– சிரிக்கல. ஏங்க, இஸ்திரிப் பெட்டியைத் தூக்குங்க, யூனிஃபார்ம் கருகுது.

– அடச்சே... பாக்கெட் போச்சு.

– போகட்டும், வேற தைக்கலாம். தள்ளிப் பாத்தப்ப என்ன ஆச்சு?

– ...ஞாயித்துக்கிழமை, குளிக்கறப்ப. பின்னால போயிடுச்சு. ஆனா திரும்பி வரல. வீங்கிடுச்சும்மா. ஐஸ் வச்சு, அமுக்கிப் பிடிச்சு... அரை மணி நேரம் உயிரே இல்ல.

– யாரைக் கூப்பிட்டார்?

– யாரைக் கூப்பிடறது? பொண்டாட்டி கதவைத் தட்டி என்னன்னு கேட்டாங்களாம். சோப்பு கண்ணுல பட்டுடுச்சுன்னு சொன்னானாம்.

– அது நாப்பத்தேழு புள்ளி ரெண்டு. மாட்டிக்கறது. திரும்பி வராம அப்படியே இருந்திருந்தா ரத்தம் ஓடாம கறுத்துடும். அடுத்த தடவை சோப்புக் கதையெல்லாம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. மீசைகிட்ட சொல்லுங்க.

– சொல்றேன். சரி... இது குணமாகுமா?

– ஏன் ஆகாது? சுகரைக் குறைக்கணும். டாக்டர் குடுக்கற களிம்பு. அதுக்கும் கேக்கலன்னா சின்ன ஆபரேஷன், பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்கு. இந்த மாசம் மட்டும் இதுல பதினோரு ஃபைல் பாத்துட்டேன்.

– பதினொண்ணா?

– பெரிய பெரிய ஆளுங்க. ஒருத்தருக்கு அறுபத்தி மூணு வயசு. ஊரு உலகத்துல தனக்கு மட்டும்தான்னு அவரும் நெனச்சிருப்பார். கடைசிப் பக்கத்துல நலம்னு எழுதி அனுப்பிட்டாங்க.

– ம்... அவன்கிட்ட சொன்னா தெம்பா இருக்கும்.

– இன்னொரு கேள்வி. வீட்ல அவர் எங்க படுக்கறார்?

– இதெல்லாமா ஃபைல்ல கேப்பாங்க?

– நான் கேப்பேன்.

– ...ஹால்ல. குறட்டைன்னு சாக்கு சொல்லிட்டு.

– பொண்டாட்டி என்ன நெனச்சாங்களாம்?

– அவ என்ன நெனச்சிருக்கப் போறா? நிம்மதியாத் தூங்கறா.

– தூங்கல. நம்மளைப் பாக்கவே புடிக்கல போலன்னு நெனச்சாங்க. ரெண்டு மாசம் முன்னாடி தலைக்கு டை கூட அடிச்சுப் பாத்தாங்க. அவர் நிமிந்து பாக்கல.

– பாத்தேனே. நல்லாத்தான் இருந்து...

– மீசை பாத்தாரா, நீங்க பாத்தீங்களா?

– ...உனக்கு எப்ப தெரியும்?

– ஞாயித்துக்கிழமை. ஐஸ் ட்ரேயைத் தூக்கிட்டு யாருங்க குளிக்கப் போவாங்க? சாயங்காலம் ஷேவிங் டப்பாவுக்குப் பின்னால களிம்பு ட்யூப். நான் தினமும் படிக்கற ஃபைல்தான் இது. எட்டு மாசமா என் வீட்லயே தொறந்து கெடந்தது எனக்குத் தெரியல.

– அன்னிக்கே கேட்டிருக்கலாமே. மீசையை இழுத்திருக்க மாட்டேன்.

– இதுவா, இதுவான்னு நான் கேட்டா இல்லன்னுதான் சொல்லியிருப்பீங்க. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். நாலு நாளு ஆச்சு.

– கஷ்டமா இருந்துதும்மா. டாக்டர் முன்னாடி மறுபடியும் இதெல்லாம்... என் வாயில வராது.

– வர வேண்டாம். இந்தாங்க, எல்லாம் எழுதியிருக்கேன், பேப்பரை நீட்டுங்க போதும். நானும் கூட வர்றேன். ராத்திரி அந்தத் தலகாணியை எடுத்துட்டு உள்ள வாங்க, தூங்கறதுக்குத்தான்.

– ஆகட்டும். டாக்டரைப் பாக்க எப்ப நேரம் கிடைக்குமோ...

– நாளைக்குப் பத்து மணி. திங்கக்கிழமையே வாங்கிட்டேன். மீசை பேர்ல இல்ல.