பெட்டியில் இல்லாத பாம்பு

இக்கூட்டத்தின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் ஊர்ப்பெரியவர் சென்றாயன் அவர்களே, நம் மலையின் ஆலத்தூர் நாட்டு ஆன்றோர்களே, மிளகுக்கொடியோடு மல்லுக்கட்டும் கைகளுக்குச் சற்றே ஓய்வு தந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். உங்கள் ஆடுமாடுகளுக்கு ஊசி போடும் கால்நடை மருத்துவர் ஜாஸ்மின், இன்று பாம்பைப் பற்றிப் பேச நிற்கிறேன். பதற்றத்தோடு நிற்கிறேன்.

சென்ற மாதம் பெருமாயி அம்மாளின் தோட்டத்து ஓரம், கடத்தல்காரர்கள் யாரோ வீசிவிட்டுப் போன மரப்பெட்டி கிடந்தது. மூன்று அறைகள். இரண்டில் பாம்புகள். பருத்த உடல், குட்டை வால், பழுப்பு நிறம். கடல் கடந்து வந்த மலைப்பாம்புகள், நஞ்சில்லாதவை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நிறத்தை நம்பலாமா? நீளத்தை நம்பலாமா? உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், ஒன்றுக்குக் கண்ணின் மேல் ஒரு செதில், மற்றதற்கு இரண்டு. வேறு வேறு இனம், வேறு வேறு காடு. காட்டை மாற்றித் திருப்பி அனுப்பினால் அந்நியர் வீட்டில் அடைத்ததாகாதா?

என்ன கேட்கிறீர்கள் அம்மா? "மூனாவது எங்கீங்க?" என்றா? அதுதான் என் அச்சம். மூன்றாவது அறையின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருந்தது இன்னும் அகப்படவில்லை.

தப்பிய அதுவும் விஷமில்லாத பாம்புதான் என்ற பேச்சு அடுத்திருக்கும் பைல் நாடு வரை பரவியது. நேற்றுக் காலை பெருமாயியின் தம்பி தனபால், மரவள்ளிக் காட்டில் பருத்த பாம்பொன்றைக் கண்டார். குட்டை வால். பழுப்பு நிறம்.

"அக்கா, அந்த மூனாவதுதானுங்க. ஒன்னும் பண்ணாது. சாக்குல புடிச்சுப் போட்டுட்டு வாரேன்."

"வேண்டாங் கண்ணு, டாக்டரம்மா வரட்டும்."

கேட்டாரா? கையை நீட்டினார். கடித்தது கண்ணாடி விரியன்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்க, தம்பியின் தலையை மடியில் தாங்கி, "தூங்காத சாமி, தூங்காத" என்று சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் ஆஸ்பத்திரி வரை சொல்லிக்கொண்டே போனார் பெருமாயி. இன்று காலை தனபால் கண் திறந்தார். சிறுநீரகம் தேறுமா என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடி வைத்துப் பார்த்த நானே தடுமாறினேன். ஒரு நொடிப் பார்வையில் நீங்கள் தீர்ப்பெழுதலாமா? மலைப்பாம்பென்று தொடாதீர்கள். விரியனென்று அடிக்காதீர்கள். விலகி நில்லுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால், எந்தப் பாம்பென்று ஆராயாமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

கண் திறந்த தனபால், பார்க்கப் போன என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அதை அடிச்சுப் போட்டாங்களாங்க?"

"இல்லை" என்றேன்.

"உட்டுருங்க. எனக்கே அது யாருன்னு தெரியல. அதுக்கு நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

வேலையை விட்டு வந்து என் கலக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. திரும்பும் வழியில் தரையைப் பார்த்து நடங்கள். வணக்கம்.