செடி வாடறதுக்குள்ள

மேக்னா: இது இல்லண்ணா. எலயத் தொட்டுப் பாரு, சொரசொரன்னு முடி முடியா இருக்குது. நம்ம ஊட்டுச் செடி எல வழவழன்னு இருக்கும்.

அபிலாஷ்: ஜெரேனியம்னுதான எழுதி வெச்சிருக்காங்க?

பொற்கொடி: ஜெரேனியந்தானுங்க தம்பி. ஆனா இது நிமுந்து நிக்கற சாதி. இதக் கொண்டுபோயி பால்கனியில தொங்கப் போட்டீங்கன்னா, சாகற வரைக்கும் வானத்தப் பாத்துட்டே நிக்கும். கீழ எறங்காது.

மேக்னா: எங்களுக்கு எறங்கி வாரதுதான் வேணுங்க்கா. கம்பியத் தாண்டி, கீழ் ஊட்டுக்காரங்க துணி காயப் போடற கொடி வரைக்கும்...

பொற்கொடி: அப்ப ஐவி ஜெரேனியம்னு கேளுங்க அம்மணி. அது அந்தப் பக்கம், வெயிலுக்குக் கட்டுன பச்ச வலைக்கு அடியில. பாத்து வாங்க, தண்ணி ஓசுக் குழாய் கெடக்குது. தடுக்கி உளுந்துபோட்டு நர்சரிக்காரி மேல பழி போடாதீங்க.

அபிலாஷ்: ஏனுங்க்கா, இவ்வளவு இருக்குதா இதுலயே?

பொற்கொடி: செவப்பு இருக்குது, வெள்ள இருக்குது, ரோஸ் இருக்குது. ஒத்த அடுக்கு, ரெட்ட அடுக்கு... பால்கனி எந்தப் பக்கம் பாத்து இருக்குதுங்க?

அபிலாஷ்: கெழக்க. ஆர்.எஸ்.புரத்துல, மூணாவது மாடி.

பொற்கொடி: கெழக்குன்னா பொழச்சுக்கும். ஊட்டிக் குளுருல பொறந்த செடிங்க இது. நம்மூரு மத்தியான வெயிலு பட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். செவப்பு எடுத்துக்கோங்க. ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் பாப்பான்.

மேக்னா: செவப்பு வேண்டாங்க்கா. வெளிர் ஊதா. இதழுக்கு நடுவுல கருஞ்செவப்பா கோடு ஓடும்... இருங்க, போன்ல காட்டறேன். இந்தப் பூ.

பொற்கொடி: பூவ மட்டும் பெருசு பண்ணிக் காட்டறீங்க. படத்த முழுசாக் காட்டுங்க, செடியப் பாக்கோணும்.

அபிலாஷ்: பூ போதுங்க்கா. நெறத்துக்குத்தான். மேக்னா, போன உள்ள வெய்யி.

பொற்கொடி: சரி... ஒரு தொட்டிக்கா, ரெண்டுக்கா?

மேக்னா: ரெண்டு. ரெண்டும் ஒரே நீளமா இருக்கோணும். முழங்கை நீளத்துக்காச்சும் தொங்கோணும். நாலஞ்சு மொட்டு இருக்கோணும். ரொம்பப் பூத்திருக்கக் கூடாது.

பொற்கொடி: ஏனுங்க, செடி வாங்க வந்தீங்களா, மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?

அபிலாஷ்: இவளுக்கு மாப்பிள்ள பாக்கறப்பகூட இத்தன கேக்கலீங்க. பையனுக்குத் தலையில முடி இருக்குதான்னு மட்டுந்தான் கேட்டா.

மேக்னா: அண்ணா!

பொற்கொடி: சிரிச்சா நல்லாத்தான் இருக்கறீங்க ரெண்டு பேரும். வந்ததுல இருந்து எழவு ஊட்டுக்கு வந்தவங்க மாதிரி நிக்கறீங்க... நான் சொல்றதக் கேளுங்க. இந்தச் சின்னச் செடிய எடுத்துட்டுப் போங்க. நுனியக் கிள்ளிக் கிள்ளி உட்டா கெள பிரிஞ்சு, மார்கழிக்குள்ள நீங்க கேட்ட நீளத்துக்கு...

மேக்னா: மத்தியானத்துக்குள்ள வேணுங்க்கா.

பொற்கொடி: என்னது?

அபிலாஷ்: எங்க அம்மா காரமடை கோயிலுக்குப் போயிருக்காங்க. அவங்க ஊட்டுக்கு வாரதுக்குள்ள ரெண்டு தொட்டியும் பழையபடி தொங்கோணும்.

பொற்கொடி: ஓ... பழசக் கொன்னுபோட்டீங்களா?

மேக்னா: அம்மா நேத்து வரைக்கும் சிங்காநல்லூருல சித்தி ஊட்டுல இருந்தாங்க. செடியப் பாத்துக்கோங்கன்னு ஆயிரந்தடவ சொல்லிட்டுப் போனாங்க. வெயிலா இருக்குதேன்னு இவன் காலையில தண்ணி ஊத்தியிருக்கான்...

அபிலாஷ்: இவ சாயங்காலம் ஊத்தியிருக்கா. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல.

பொற்கொடி: அண்ணனும் தங்கச்சியுமா சேந்து தண்ணியில முக்கியே கொன்னுபோட்டீங்க.

மேக்னா: அப்படிச் சொல்லாதீங்க்கா.

பொற்கொடி: வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் அம்மணி. இதுக்குப் போயி கண்ணு கலங்குவாங்களா?

அபிலாஷ்: அவளுக்கு அந்த வார்த்த ஆகாதுங்க. வேற செடி காட்டுங்க.

பொற்கொடி: காட்டறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அம்மாகிட்ட நடந்தத அப்படியே சொல்லிப்போட்டா என்ன? செடிதான? தோலயா உரிச்சுருவாங்க?

அபிலாஷ்: திட்டுனாங்கன்னா பரவால்லீங்க...

மேக்னா: சொல்லிர்லாம்ண்ணா. அக்கா என்ன, ஊரெல்லாம் போயி சொல்லவா போறாங்க... எங்க நைனாக்கு, எங்க அப்பாக்கு, இந்தச் செடின்னா உசுருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் காலையில ஊட்டிக்குக் கெளம்புனாரு. இதே நெறத்துல இன்னும் ஒண்ணு வாங்கியாரேன்னு. செருப்ப மாட்டிட்டே அம்மாகிட்ட சொன்னாரு, "அம்பு, இந்தச் செடி வாடறதுக்குள்ள வந்துருவேன்"னு.

பொற்கொடி: வந்தாருங்களா?

மேக்னா: நீயே சொல்லுண்ணா.

அபிலாஷ்: இன்னும் வரலீங்க. தேடிட்டு இருக்கறோம்.

பொற்கொடி: அட கடவுளே... போலீசுல சொன்னீங்களா?

அபிலாஷ்: எல்லாஞ் சொல்லியாச்சுங்க.

மேக்னா: அம்மா எந்திரிச்சதும் மொதல்ல பால்கனிக்குத்தான் போவாங்க. எல எலயாத் தொட்டுப் பாப்பாங்க. "வாடல, வந்துருவாரு"ன்னு சொல்லிட்டுத்தான் காபியே குடிப்பாங்க. பொட்டு வெச்சு, பூ வெச்சு, தயாரா உக்காந்துக்குவாங்க.

பொற்கொடி: இன்னைக்கிப் பாக்கலீங்களா?

அபிலாஷ்: நேத்து இருட்டுனப்பறந்தான் சித்தி ஊட்டுல இருந்து வந்தாங்க. இன்னைக்கி விடியறதுக்கு முந்தியே கோயிலுக்குக் கெளம்பிட்டாங்க. பாத்திருக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கறோம். பாத்தாங்கன்னா தாங்க மாட்டாங்க. நெஞ்சுல ஆபரேசன் பண்ணுன ஒடம்பு.

பொற்கொடி: இது தெரியாம நான் கேலி பேசிட்டு இருந்துட்டேன் பாருங்க. மன்னிச்சுக்கோங்க சாமி... அப்ப ரெண்டு வருசமா அந்தச் செடி அப்படியேவா இருந்துச்சு? நம்மூரு சித்திர வெயிலத் தாண்டியா?

அபிலாஷ்: ஒருவாட்டி நாங்களே மாத்துனோம். அம்மாவுக்குத் தெரியாம, ஊட்டிக்குப் போயி.

மேக்னா: ஒருவாட்டிதான் மாத்துனோம். அதுதாங்க்கா எனக்குப் புரியல. போன ஐப்பசியில ஒரு தொட்டி சுத்தமாக் காஞ்சு போச்சு. குச்சியொடிச்சாப் பட்டுன்னு ஒடையுது. நாளைக்கி மாத்திர்லாம்னு பேசிட்டுப் படுத்தோம். விடிஞ்சு பாத்தா பச்சப்பசேல்னு தொங்குது.

அபிலாஷ்: துளுத்திருக்கும்னு அன்னைக்கே சொன்னேன்ல.

மேக்னா: ஒரே ராத்திரியில, மொட்டோடயா?

பொற்கொடி: துளுக்காதுங்க தம்பி. காஞ்சது காஞ்சதுதான்.

அபிலாஷ்: சரி, அத உடுங்க. நேரமாச்சு. இதுல எது பக்கமா வரும்?

மேக்னா: அண்ணா! அங்க பாரு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல... அதே ஊதா. அதே கோடு. எவ்வளவு நீளமாத் தொங்குது!

பொற்கொடி: அது வேண்டாங்க. அது ஒருத்தருக்கு எடுத்து வெச்சது.

அபிலாஷ்: அவங்களுக்கு வேற குடுத்துக்கலாங்க்கா. எங்க நெலமயத்தான் சொன்னோமே.

பொற்கொடி: சனிக்கெழம சனிக்கெழம வாரவங்க தம்பி. நான் பெரியநாயக்கன்பாளையத்துல கட போட்ட நாள்ல இருந்து இந்த நெறம் கேக்கறதே அவங்க ஒருத்தருதான். அவங்களுக்குன்னே ஊட்டியில இருந்து வர வெச்சு, முழங்கை நீளம் வளத்து வெக்கறது. காலையில போன் பண்ணி "ரெண்டும் வேணும் கண்ணு, வாரேன்"னாங்க. வாக்குக் குடுத்துப்போட்டேன்.

மேக்னா: நாங்க அவங்ககிட்டயே கேட்டுக்கறோம். யாருங்க அவங்க?

பொற்கொடி: பேரெல்லாங் கேட்டதில்ல. வயசான அம்மா. கூடவே அவங்க அண்ணனோ தம்பியோ, ஒருத்தரு வருவாரு.

அபிலாஷ்: அண்ணன் தம்பின்னு சொன்னாங்களா?

பொற்கொடி: நானா நெனச்சுக்கிட்டது. அந்தம்மா நெத்தியில பொட்டு இருக்காது, தலையில பூ இருக்காது. அப்பறம் கூட வாரவரப் புருசன்னா நெனைக்க முடியும்? ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. போறப்ப அந்தக் குழாய்கிட்ட மாட்டியிருக்கற கண்ணாடி முன்னால நிப்பாங்க. பையில இருந்து பொட்டு எடுத்து ஒட்டிக்குவாங்க. மல்லிச் சரத்த எடுத்து வெச்சுக்குவாங்க. அப்பறந்தான் பஸ் ஏறுவாங்க.

மேக்னா: ஏன்னு... ஏன்னு கேட்டீங்களா?

பொற்கொடி: கேட்டேன். "ஊட்டுல புள்ளைங்க ரெண்டு இருக்குதுங்க கண்ணு. எதையோ நம்பிட்டு இருக்குதுங்க. இப்படிப் பாத்தா தாங்காதுங்க"ன்னாங்க. எனக்கொண்ணும் வெளங்கல.

அபிலாஷ்: அந்த ஆளு எப்படி இருப்பாரு?

பொற்கொடி: ஒசரமா இருப்பாரு. கட்டம் போட்ட சட்ட. எப்ப வந்தாலும் அதே சட்டதானுங்க. ஒடம்போட ஒட்டிட்டு ஈரமா இருக்கும். வேர்வையாட்ட இருக்குதுன்னு நெனப்பேன். தேங்கா தட்டற மாதிரி தொட்டிய வெரல்ல சுண்டிப் போட்டு, காத வெச்சுக் கேப்பாரு.

மேக்னா: அண்ணா...

அபிலாஷ்: நெறய பேரு அப்படிப் பாப்பாங்க மேக்னா.

பொற்கொடி: எலயக் கசக்கி மோந்துபோட்டு, அந்தம்மா மூக்குகிட்டக் கொண்டு போவாரு. அவங்க சின்னப் புள்ளையாட்டம் சிரிப்பாங்க. பாக்க அழகா இருக்கும். ஆனா...

அபிலாஷ்: ஆனா?

பொற்கொடி: அவரு பேசி நாங் கேட்டதில்லீங்க. அந்தம்மா காதுகிட்டக் குனிஞ்சு குசுகுசுன்னு ஏதோ சொல்லுவாரு. அவ்வளவுதான். போனப்பறம் அவரு நின்ன எடம் சொதசொதன்னு கெடக்கும். எந்தத் தொட்டி ஒழுகுதுன்னு நானும் ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்துட்டேன். எதுவும் ஒழுகல.

மேக்னா: போன எடுக்கறேண்ணா.

அபிலாஷ்: வேண்டாம்.

மேக்னா: எடுக்கறேன். அக்கா, இதுதான் அந்தப் படம். இப்ப முழுசாப் பாருங்க. பூவுக்குப் பின்னால.

பொற்கொடி: இவரேதானுங்க! இந்தச் சட்டையேதான்! பக்கத்துல பொட்டு வெச்சுட்டு நிக்கறது அந்தம்மாவாச்சே... அப்ப அவங்கதான் உங்க அம்மாவா? ஐயோ, அப்ப இவரு உங்க அப்பாவா?

மேக்னா: நைனா கெளம்புன அன்னைக்கிக் காலையில எடுத்ததுங்க்கா.

பொற்கொடி: அட மகராசி! அப்ப காணாமப் போனவரு கெடச்சுட்டாருங்க! அம்மாவும் அப்பாவுஞ் சேந்து உங்களுக்கு ஏதோ வெளையாட்டுக் காட்டறாங்க. சக்கர போட்டு டீ கொண்டாரச் சொல்லட்டா? ஏன் கண்ணு, சந்தோசமான சேதிதான? ரெண்டு பேரும் ஏன் இப்படி வெளுத்துப் போனீங்க?

அபிலாஷ்: மேக்னா, வண்டிச் சாவி எங்க? போலாம்.

மேக்னா: செடி?

அபிலாஷ்: செடி வேண்டாம். வா.

பொற்கொடி: எங்க ஓடறீங்க? மேட்டுப்பாளையம் பஸ் வந்து நிக்குது பாருங்க. எறங்கறாங்க பாருங்க!

மேக்னா: அம்மாதான்... அண்ணா, பொட்டில்ல.

அபிலாஷ்: தெரியுது.

மேக்னா: தனியாத்தான எறங்குனாங்க?

அபிலாஷ்: தனியாத்தான்.

மேக்னா: அப்ப யாருக்கு எடம் உட்டு ஒதுங்கி நடக்கறாங்க? கொடைய ஏன் அந்தப் பக்கமாச் சாச்சுப் புடிக்கறாங்க?

பொற்கொடி: என்னங்க அம்மணி இப்படிக் கேக்கறீங்க? பக்கத்துல வாரவரு மேல வெயில் படாமத்தான். அந்தா, நம்மளப் பாத்துட்டாரு. கையத் தூக்கிக் காட்டறாரு பாருங்க... தம்பி, தேடித் தேடி அலஞ்ச அப்பா வாராரு, நீங்க பின்னால பின்னால போறீங்களே!

அபிலாஷ்: நாங்க தேடலீங்க்கா. போன வருசமே கெடச்சுட்டாரு. ஊட்டி போற வழியில, கல்லாத்துத் தண்ணியில. இந்தச் சட்டைய வெச்சுத்தான் அடையாளஞ் சொன்னேன். மேட்டுப்பாளையத்துலயே கொள்ளி வெச்சு, ஆத்துலயே கரச்சுட்டு வந்தோம். அம்மா அப்ப ஆபரேசன் ஆகிப் படுத்திருந்தாங்க. இன்னைக்கி வரைக்கும் அவங்ககிட்டச் சொல்லல. நானும் சொல்லல, இவளும் சொல்லல.

பொற்கொடி: ...நீங்க சொல்லாட்டி என்ன கண்ணு. அவரே வந்து சொல்லிப்போட்டாரு.