பதினேழு ஒன்றுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஸ்தாமென் அண்ணனின் அருமை மகள் மிலேனா அவர்களே, கொட்டும் மழையிலும் நம் ரூசே நகர எண் கழகத்தின் கூடத்தை நிறைத்திருக்கும் நண்பர்களே! வணக்கம் சொல்ல வாய் வருகிறது. உங்களை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

கணித ஆசிரியர், நம் தலைவர், எண்செம்மல் ஸ்தாமென் கெரனோவ்! கழகத்தில் சேருகிறவர் ஆளுக்கொரு பெரிய எண்ணை எடுக்க வேண்டும். அது வகுபடுமா, பகா எண்ணா என்று கையால் போட்டே காண வேண்டும். எடுத்தவர் உயிரோடிருக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, இயந்திரத்திடமும் கேட்கக்கூடாது. இந்த விதியை வகுத்தவர் யார்? ஸ்தாமென் அண்ணனேதான்! அவர் எடுத்தது எது? பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்!

"ஏன் அண்ணே, லேசா ஒண்ணும் கிடைக்கலையா?" என்றேன்.

"போம்மா, உன் எண்ணு மூணால வகுத்ததுமே விழுந்துருச்சு, நீ பேச வந்துட்ட!" என்றார். சிரிக்காதீர்கள், உண்மைதான்.

கண்டதையெல்லாம் கொண்டு வகுக்க அவர் என்ன பித்தரா? இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதில் ஒன்றைக் கழித்தால் முப்பத்துநான்கின் மடங்குதான் வரும் என்று நிறுவினார். அப்படிப்பட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தார். எத்தனை குளிர்காலம்! ஒவ்வொரு வகுத்தலையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அவருக்கு அது நான்.

போன மாதம், மருத்துவமனைக் கட்டிலில் தாளை நீட்டினார். "மீதி நாப்பத்தஞ்சு வருது. பாரும்மா."

கணக்கு சரியா என்று விதிப்படி ஒன்பதால் வகுத்த மீதியைக் கொண்டும் பார்க்க வேண்டும், பதினொன்றால் வகுத்த மீதியைக் கொண்டும் பார்க்க வேண்டும். நானோ வீட்டு அடுப்பில் குடைமிளகாய் வாட்டப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஒன்பதால் மட்டும் பார்த்தேன்; ஒத்துவந்தது. "சரியா இருக்குண்ணே, அடுத்ததுக்குப் போங்க."

"இதுல விழுந்துரும்னு மனசு சொல்லிச்சும்மா."

"வயசானா மனசு ஆயிரம் சொல்லும்!" என்று கேலி பேசிவிட்டுக் கிளம்பினேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

அவர் எண்ணுக்கு இனித் தடை இல்லையல்லவா? இன்று காலை மிலேனா தன் கைபேசியிடம் கேட்டார். கண்மூடித் திறப்பதற்குள் அந்த எண்ணை இரண்டாக உடைத்துக் கொடுத்தது. சிறியது எது தெரியுமா? இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்துமூன்று. ஐயோ, அன்று அவர் வகுத்துப் பார்த்தது அதைக் கொண்டேதான்! ஓடிப்போய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பெருக்கலில் அறுபத்தொன்று என்று முடிய வேண்டியதைப் பதினாறு என்று திருப்பி எழுதியிருக்கிறார். மருந்து மயக்கத்தில் இருந்த கை. இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுக்குத் தெரியாது, பதினொன்று காட்டிக்கொடுத்திருக்கும். இது எனக்குத் தெரியாதா? மிளகாய் கருகிவிடும் என்று ஓடினேனே, பாவி!

"அப்பா இருந்தா உங்களத் திட்டித் தீத்திருப்பாரு அத்தை" என்றார் மிலேனா. அந்தத் திட்டு கிடைக்காதா என்று இருக்கிறது எனக்கு.

நண்பர்களே, இனி இரண்டு சோதனையும் முடியாமல் எந்தத் தாளிலும் இந்த ராய்னா வெல்சேவா கையெழுத்திட மாட்டாள். விடை அவருடையது; இயந்திரத்துடையது அல்ல. அவர் பெயரிலேயே அது இந்தச் சுவரில் ஏறும். இறந்தவர் நினைவாகப் பங்கிடும் அவித்த கோதுமை சற்றுக் காத்திருக்கட்டும், யாரும் எழுந்திருக்க வேண்டாம். இதோ கரும்பலகை. அந்த வகுத்தலை முதலிலிருந்து, மெதுவாக, உங்கள் முன்னால் போடப்போகிறேன். கடைசி மீதி வரும்போது எல்லோரும் உரக்கச் சொல்லுங்கள், பூஜ்யம் என்று. நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது அது.