முட்டுக்கட்டை இல்லாத படம்

எனக்கு உட்கார்ந்து வேலை பார்க்க வராது. பாருங்கள், இந்த நாற்காலியில்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பயத்தில் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். கல் சுமந்து பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். சும்மா இருந்தால் உடம்பு நமநமக்கும்.

இடிக்கப்போகும் பழைய மண்டபத்தின் சிலைகளைப் படமெடுத்து வைப்பது என் வேலை. இடித்த பிறகு என் படம்தான் சாட்சி. சிலையின் உயரம் தெரியப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவோம். தங்கை வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்தார், கூட்டிப்போனேன்.

கடைசியாக, தூணில் சாய்ந்து நிற்கும் பெண். ஆளைப்போல் இரு மடங்கு உயரம், அடியில் விரிசல். கொத்தனார் இடுப்புக்கு மரத்தில் முட்டுக் கொடுத்திருந்தார்.

"கட்டையில கை வெச்சிராதீங்க. அது ஒண்ணுதான் அவளப் புடிச்சிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆட்களோடு பின்பக்கம் சாப்பிடப் போனார்.

கட்டை அவளுடைய இடது கையை மறைத்தது. வேலைப்பாடெல்லாம் அந்தக் கையில்தான். வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் உளித்தடம் தெரியும். அதுவோ நகர்ந்துகொண்டே இருந்தது. கேமரா ஸ்டாண்டை இங்கே வைத்தேன், அங்கே வைத்தேன், படியில் ஏற்றினேன், இறக்கினேன். எங்கே வைத்தாலும் கட்டை.

கட்டையைத் தட்டி எடுத்துவிட்டேன். சிலை அசையவில்லை.

"மாப்ள, இன்னும் ஒட்டி நில்லுங்க."

"கல்யாணப் போட்டோவுக்கே இவ்வளவு நேரம் நிக்கல மச்சான். உங்க தங்கச்சி பாத்தா இவ யாருன்னு கேப்பா."

"சிரிக்காதீங்க, தலை ஆடுது."

"மேலருந்து மண்ணு கொட்டுது மச்சான்."

"வெயில் போகுது. அசையாம நில்லுங்க."

நின்றார். என் பேச்சைத் தட்டாதவர். படத்தில் அவளுடைய கை நன்றாக விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சிலை சாய்ந்தது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை விபத்து என்றுதான் வீட்டில் நம்புகிறார்கள். தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நீங்கள் கேட்பது சிலை விழுந்த பிறகு எடுத்த படங்களைப் பற்றி.

அவருடைய கால்கள்மேல் இடுப்புவரை கல் கிடந்தது. உயிர் இருந்தது. "மச்சான், தூக்குடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கல்லைத் தனி ஆள் தூக்க முடியாது. உடைந்த இடம் புதுசாக, வெளுப்பாக இருந்தது. கல்லுக்குள் கல்லை எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. கட்டிய நாளிலிருந்து யாரும் பார்த்திராதது. ஸ்டாண்டைத் தாழ்த்தி, துண்டு துண்டாக எடுத்தேன். ஒரு துண்டின் மேல் அவர் கை கிடந்தது. வலிக்காதபடி நகர்த்தி வைத்தேன்.

இடிக்கிற இடத்தில் கல் விழும் சத்தம் புதிதில்லை, அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்குக் குரல் போய்விட்டது. எனக்கு இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஆட்கள் கேலி பேசிச் சிரிப்பது கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் ஓடி வந்து கல்லைப் புரட்டியிருப்பார்கள்.

புரட்டியிருந்தால் எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.