ராக்காயி வீட்டு இரவல் கதிரைகள்

பேரன்பும் பெருநேர்மையும் ஒருங்கே வாய்த்த பெருந்தகையே! முப்பத்தோராண்டுகள் வன்னிப் புழுதியில் சைக்கிள் மிதித்து, வறியவர் வாசலெல்லாம் வலம்வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் சிற்றம்பலம் ஐயா அவர்களே!

விடைபெறும் வேளையில் உங்கள் வெற்றிகளை எழுதத்தான் தொடங்கினோம். நீங்களோ, "புகழ் வேண்டாம், ராக்காயி வீட்டுக் கதையை எழுதுங்கோ" என்றீர்கள். உங்கள் சொல்லைத் தட்டி எங்களுக்குப் பழக்கமில்லை.

தர்மபுரத்தில், வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணியில், மகள் நிரோஜாவுடன் வாழ்பவர் ராக்காயி. காணிக்கு உறுதிப் பத்திரமில்லை, அதனால் கடன் கேட்டுப் போனால் வங்கியும் வாசலில் ஏற்றவில்லை. அயலவர் வயலில் அரிவு வெட்டிப் பிழைத்தார். அறுவடை மெசின் வந்ததும் அதுவும் போயிற்று. அரசாங்க உதவிப் பட்டியலில் பெயர் வந்தால் நிரோஜா உயர்தரம் படிப்பாள் என்பதே அவருடைய ஒரே நம்பிக்கை.

அந்தப் பட்டியலுக்காக வீடு பார்க்க நீங்கள் வருவதாகக் கேள்விப்பட்டதும், வருகிறவரை எங்கே இருத்துவது என்று தவித்துப்போனார். அயலவர் கிருபன் நான்கு கதிரைகளையும் ஒரு மேசை விசிறியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, வண்டியையும் முற்றத்திலேயே நிறுத்தினார். கண்டதை நீங்கள் எழுதினீர்கள்: கதிரை உண்டு, விசிறி உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு. வாய்க்கால் எங்கே நின்றுபோனது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பட்டியலில் ராக்காயியின் பெயரும் இல்லை.

பிறகொரு நாள் வேறு அலுவலாய் நீங்கள் போனபோது ராக்காயி பாய் விரித்தார். கதிரைகள் எங்கே என்றீர்கள்.

"அதெல்லாம் கிருபன் வீட்டுதையா. கவுண்மேந்து ஆள் வாறீங்க, நிலத்திலயா இருத்துறது?"

தலைகுனிந்து திரும்பிய தகைமையாளரே! தம் பிழையைப் பிறர் தலையில் கட்டுவோர் மலிந்த நாளில், "பிழை என்னுடையது" என்று மேலிடத்துக்கு ஏழு முறை எழுதினீர்கள். அடுத்த கணக்கெடுப்புவரை மாற்ற முடியாதென்று ஏழு முறையும் பதில் வந்தது. சொல்லவே நெஞ்சு கொதிக்கிறது. நிரோஜா இப்போது ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருகிறாள். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் குசினிக்குள் எட்டி அடுப்பைப் பார்த்த பின்பே நீங்கள் பேனையைத் திறந்தீர்கள்.

இவ்விழாவுக்கு ராக்காயியையும் அழைத்தோம். "வாறன். ஆனா கதிரையில இருக்கமாட்டன். ஆரும் பாத்து எழுதிப்போடுவினம்" என்றார். இதை வாசிக்கும் இவ்வேளையிலும் அவர் வாசலோரம் நின்றுகொண்டுதான் இருப்பார்.

ஐயா! அவர் பயமின்றி ஒரு கதிரையில் அமரும் நாளைக் கண்ணால் காணும்வரை, நோயின்றி நொடியின்றி நீடு வாழ்க!

இங்ஙனம்,
நாளை முதல் வீடு பார்க்கப் போகும்
உங்கள் அலுவலகத் தோழர்கள்