அதே விலைக்குப் பெரியது

எங்கள் கடைக்கு வந்த யாரும் கேட்டதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போனதில்லை, துவான் இன்ஸ்பெக்டர். ஜக்கரியாவுக்கும் கூடுதலாகத்தான் கொடுத்தேன்.

அவன் என் தங்கை நஜீபாவின் கணவன். கோலா சிலாங்கூரில் என் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, எந்தச் சாமான் எனக்கு என்ன விலைக்கு விழுகிறது என்று அறிந்தவன். எண்பத்தேழில் பழைய மரப்படகு ஒன்றை வாங்கினான். அதையே மளிகைக் கடையாக்கி, ஆற்றோரத் தோட்டங்களுக்கும் கம்பத்துக் கிராமங்களுக்கும் போய் விற்பதாகச் சொன்னான். சம்பள நாளில் பஸ் ஏறி என்னிடம் வருகிற சனம் இனி ஏன் வரப்போகிறது?

"ஊர்ல ஒரு கடை, ஆத்துல ஒரு கடை. நமக்குள்ள என்னா மச்சான் போட்டி" என்றான், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். வியாபாரி வேறென்ன செய்வான்.

படகு கசியும். ஊறும் நீரை இறைக்கச் சிறிய வீட்டுப் பம்பு ஒன்றைப் பொருத்தியிருந்தான். கூரையில் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த சோலார் தகடுகள், அடியில் இரண்டு பேட்டரி. அந்தப் பேட்டரியில் வீட்டுப் பம்பு ஓட இடையில் ஓர் இன்வெர்ட்டர் வேண்டும். சின்னது கேட்டான். அந்தப் பேட்டரிகளுக்குச் சின்னதுதான் பொருத்தம். பெரியது வேலையில்லாமல் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் தின்னும். வெயில் இருக்கும்போது அது தெரியாது. மழை பிடித்தால் பேட்டரி வறண்டுவிடும்.

பெரியதை எடுத்து வைத்தேன்.

"இது ரொம்பப் பெரிசுலா மச்சான். அவ்வளவு விலைக்கு டுயிட் ஏது எனக்கு?"

சின்னதன் விலையையே கொடு என்றேன். கடையில் நின்ற லோரிக்காரர் காளியண்ணன், இப்படி ஒரு மச்சான் தனக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விட்டார்.

படகில் அவன் மட்டும்தான் தங்குவதாகப் பேச்சு. மழை தொடங்கிய அன்று நஜீபாவும் பாய் தலையணையோடு ஏறினாள். நான் துறையில் நின்றிருந்தேன். இங்கேதான் என் கை கட்டுண்டுபோனது, துவான். பம்பு ஓடாத நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்து வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், விற்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று ஜக்கரியா கேட்பான். அவன் கெட்டிக்காரன். நான் என்ன பதில் சொல்வேன்?

மழை விடவில்லை. ஒரு காலையில் கம்போங் குவாந்தானுக்குக் கீழே படகின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஜக்கரியாவுக்கு நீந்தத் தெரியும். நஜீபாவை விட்டுவிட்டு வரத் தெரியவில்லை.

நான் ஒன்றுமே சொல்லாமல் அனுப்பினேனா என்று கேட்கிறீர்கள். அப்படி இல்லை. படகு நகரும்போது அவளே கேட்டாள். அண்ணனான என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, தூங்குறப்ப இந்தப் பெட்டிய அணைச்சு வைக்கணுமா?"

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். அடிக்கடி அணைச்சா கெட்டுப்போயிடும்."

என் கடைச் சரக்கு கெட்டுப்போனது என்று பேர் வரக்கூடாது பாருங்கள்.