பிள்ளை பார்க்கப் போகிற வழியில் ஒரு பொப்பிப் பூ

"செத்தவைக்குக் குத்தின பூவோட ஆரும் பச்சைப்பிள்ளை பாக்கப் போறதோ?"

பார்க் எக்ஸ்டென்ஷன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த ஒரு அம்மா தன் கணவரிடம் கேட்டார். அன்று போரில் இறந்தவர்களின் நினைவு நாள். கணவரின் கோட்டில், நெஞ்சுக்கு நேரே, அவர்கள் நினைவாகக் குத்திய சிவப்புப் பொப்பிப் பூ. அம்மாவின் மடியில் பேரப்பிள்ளைக்கு வாங்கிய சட்டைகள்.

"அதுக்காகக் குப்பையிலயோ போடுறது? மரியாதையில்லையெல்லோ."

"நான் குப்பையில போடச் சொன்னனானோ?"

"அப்ப பொக்கற்றுக்க வைக்கிறன்."

"பொக்கற்றும் உங்களோடதானே உள்ளுக்கு வரும்!"

கணவர் பூவைத் தொட்டுப் பார்த்தார்.

"வேலையில சொன்னவை. நினைவுத்தூணடியில அஞ்சலி எல்லாம் முடிய, இஞ்சத்தை ஆக்கள் கன பேர் பூவைக் கழட்டி அங்கயே வைச்சிட்டுத்தான் போறவையாம்."

"அவையும் வீட்ட கொண்டுபோறேல்லையோ?"

"ஓம்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எழும்புங்கோ. அடுத்த பஸ் தரிப்பில இருக்கிற பூங்காவுக்க ஒரு நினைவுத்தூண் நிக்குது."

மணியையும் அம்மாவே அழுத்தினார். கதவடியில் இன்னொரு சந்தேகம் வந்தது.

"வைச்சிட்டு வந்து தலை முழுகிறவையோ?"

"அது நான் கேக்கேல்லை."

அம்மா வெளியே பார்த்தார்.

"பரவாயில்லை. ஸ்நோ கொட்டுது. தலை நனைஞ்சால் அதுவே காணும்."